ஜங்ஷன் ரோட்டு மதாம்மா சாப்பாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சாப்பாட்டில் வந்து நிற்கிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று எதையெல்லாம் விட்டுவிட்டோம் என்பதில் தொடங்கி, எதையெல்லாம் ஒரு காலத்தில் ஒரு கை பார்த்தோம் என்பதற்குப் போகிறது. ஒருவர் வேப்பூர் ரோட்டுக் கடை புரோட்டாவைச் சொல்கிறார். இன்னொருவர் மங்கலம்பேட்டைக் கல்யாணத்துப் பிரியாணியைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். என் முறை வரும்போது, "சின்ன வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட்டேன், நம்ம விருத்தாசலத்திலேயே" என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறீர்கள். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், இன்று செல்போன் கடையும் மருந்துக் கடையும் இருக்கிற வரிசையில், அப்போது ஓர் ஓட்டு வீடு இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. வாசல் தூணில் ஒரு சிலேட்டு தொங்கும். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று அதில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். சாரல் பட்டுப் பாதி அழிந்திருக்கும். உள்ளே முன்னறை முழுவதையும் ஒரே ஒரு நீள மேசை அடைத்துக்கொண்டிருக்கும். தனித்தனி மேசையெல்லாம் இல்லை. யார் வந்தாலும் அந்த ஒரு மேசைதான். ரயில்வே கார்டு, மாட்டு டாக்டர், பீங்கான் கம்பெனி ஆட்கள் எல்லோரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை பாய் ஒருவர் தன் ஊரிலிருந்தே கோழியை அறுத்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, அது வேகும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்காரரை ஊர் 'சொல்தா' என்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மனைவி மதாம். நம் ஊர் வாயில் அது மதாம்மா ஆகிவிட்டது. வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். காரைக்கால் பக்கத்துத் தமிழ்ப் பெண். நல்ல கறுப்பு, நல்ல உயரம். நடந்தால் தரை அதிரும். புருஷனோடு பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்தில் பல வருஷம் இருந்தவர். பக்கத்து வீட்டுக் குடியானவப் பெண் ஒருத்தியிடம் அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொண்டார். சொல்தாவின் அக்கா எழுதிவைத்த வீடு என்பதால் விருத்தாசலம் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு அங்கிருந்து பென்ஷன் வந்தது. சோற்றுக்கடை வைக்கிற அவசியம் இல்லை. பிறகு ஏன் வைத்தீர்கள் என்று என் அப்பா ஒருமுறை கேட்டார்.

"இந்தச் சமையலு ரெண்டு பேருக்குப் பண்ணா வராதுங்க. பானை ரொம்பணும். அப்பதான் ருசி எறங்கும். பானை ரொம்பிட்டா சாப்புட ஆளு வேணும்ல?" என்றார் மதாம்மா.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை அவ்வளவு சிரிப்பானதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி மழை பிடித்த நேரம். அம்மாவுக்கு நெடுநாளாக வயிற்று வலி. சுக்குக் கஷாயம், பெருங்காயம் என்று பார்த்துப் பார்த்து, ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போயிற்று. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திட்டக்குடியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்து சேர்ந்தாள். கூடத்தில் உட்கார்ந்து யாரிடமோ அவள் சொன்னது அடுக்களையில் இருந்த என் காதில் விழுந்தது.

"கண்டதையும் தின்னு உள்ள அழுகிப் போச்சாம். வயித்தக் கிழிச்சிதான் பாக்கணுமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். நடவு வேலை கிடக்கிறது என்று மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள். அந்தச் சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தின்றால் உள்ளே அழுகும். அழுகினால் கிழிப்பார்கள். அம்மா தின்றதையெல்லாம் நானும்தானே தின்றேன்?

சோறு இறங்கவில்லை. வாயில் போடுவேன், மெல்லுவேன், கன்னத்தில் அடக்கிவைத்து, யாரும் பார்க்காதபோது கொல்லைப்புறம் போய்த் துப்பிவிடுவேன். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. ஓட்டலில் இட்லி வாங்கிவந்தார், துப்பினேன். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தது, துப்பினேன். 'ஒத்தப் பிள்ளை, செல்லம், அடம்' என்றார்கள். அப்பா ஒருநாள் கையை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திருநீறு பூசிவிட்டார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. அப்பா அதை ஊக்கு வைத்துக் குத்திவிடுவார்.

அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான்களைச் சுட்டெடுப்பது. கூட வேலை செய்தவர் ஒருவர்தான், "அந்த மதாம்மா வூட்டுல காரமே கெடையாதாம், கொழந்தைக்கி ஒத்துக்குதா பாரேன்" என்றாராம். சாக்கை மடித்து என் தலையில் போட்டு, சைக்கிள் பாரில் உட்கார வைத்து, கொட்டுகிற மழையில் அப்பா என்னைக் கூட்டிப்போனார்.

அந்த வீட்டு வாசனை இப்போதும் வரும் எனக்கு. மசாலா இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. கேரட்டும் கோஸும் வெங்காயமும் கோழியும் மெல்லிய தணலில் மணிக்கணக்காக வெந்த வாசனை. நடுவில் ஒரு கிராம்பு. கொஞ்சம் மிளகு. மழை நாளில் போர்வைக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

"வாங்க, உக்காருங்க. பாப்பா, நீ இங்க வா" என்று மதாம்மா தனக்கு எதிரே இடம் காட்டினார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் இப்படி மெலிந்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. பெரிய பானையைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். ஒரு குழிவான தட்டில் ஒரு கரண்டி சாறு ஊற்றி என் முன்னால் நகர்த்தினார். பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட தட்டு அது. அடியில் வரைந்திருந்த நீலப் பூ கோணலாக இருந்தது. சாறு தெளிவாக இருந்ததால் அந்தப் பூ அப்படியே தெரிந்தது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து தன் தட்டிலும் சாறை ஊற்றிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

நம் வீடுகளில் சமைத்தவள் உட்கார்ந்து எப்போது சாப்பிட்டாள்? எல்லோரும் எழுந்த பிறகு, அடுக்களையில், சட்டியில் ஒட்டியதை. அம்மா சாப்பிட்டு நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இந்த அம்மாள் இத்தனை ஆண்களுக்கு நடுவில், முழங்கையை மேசையில் ஊன்றி, ஸ்பூனால் மொண்டு மொண்டு குடித்தார். தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வார், இப்போது சாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்து, தோய்த்து, வாயில் போட்டு, "ம்ம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடியும் ஊற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

நான் ஸ்பூனை எடுத்தேன்.

உப்பும் இனிப்புமாக, சூடாக உள்ளே இறங்கியது. அது போகிற வழி எனக்குத் தெரிந்தது. நெஞ்சு, அப்புறம் வயிறு. காத்திருந்தேன். வலிக்கவில்லை. இன்னொரு வாய். தட்டு காலியாகிக் கோணல் பூ முழுசாக வெளியே வந்தது. மதாம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார். அப்பா குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

அதற்குப் பெயர் 'பொத்தோஃபே' என்று சொல்தா சொல்லிக்கொடுத்தார். அடுப்பு மேல் பானை என்று அர்த்தமாம். இவ்வளவு ருசியான ஒன்றுக்கு இப்படி ஒரு சாதாரணப் பெயரா என்று எனக்கு ஆச்சரியம்.

கார்த்திகை முழுக்க அங்கேதான் சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டு நேரே போய்விடுவேன். அப்பா வேலை முடிந்து வந்து சேர்வார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் நீள ரொட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார். வந்த அன்று மொறுமொறுவென்று இருக்கும். மறுநாள் கல். மதாம்மா அந்தக் கல்லை எறிய மாட்டார். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாக வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அதில் அந்த ரொட்டியைப் போட்டு ஊறவைப்பார். இல்லையென்றால் பாலிலும் முட்டையிலும் தோய்த்து வெண்ணெயில் வாட்டி, சர்க்கரை தூவித் தருவார். "தொலைஞ்சு போன ரொட்டின்னு இதுக்குப் பேரு. தொலைஞ்சதத் தேடிப் புடிச்சிட்டோம் பாரு" என்பார். பாதாம் போட வேண்டிய இடத்தில் நம் ஊர் முந்திரிப் பருப்பு. மொச்சைக் கொட்டையோடு ஆட்டுக்கறி சேர்த்து ஒன்று செய்வார். அதற்கு மூடி போட்ட ஆழமான மண்சட்டி வேண்டும், இங்கே கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார். அப்பா கம்பெனியில் கேட்டு, வீணாய்ப் போகிற களிமண்ணில் ஒரு சட்டி செய்து, தன் சூளையிலேயே சுட்டுக் கொண்டுவந்தார். மூடியின் குமிழ் சின்னக் கரண்டுக் கம்பப் பீங்கான் மாதிரியே இருந்தது. அவருக்கு வந்த வடிவம் அதுதான். சொல்தா அந்த மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சல்யூட் அடித்தார். என் அப்பா அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டி பிற்பாடு எங்கே போயிற்றோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பாண்டிச்சேரி போய்விடுவார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று என்னை மதாம்மாவிடம் விட்டுப்போவார். அப்படி ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல், உரித்தபடியே கேட்டார்.

"முன்ன ஏன் சாப்புடாம இருந்த பாப்பா?"

சொல்லிவிட்டேன். அத்தை சொன்னது, தின்றால் அழுகும், அழுகினால் கிழிப்பார்கள், எல்லாம்.

மதாம்மா கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தார். எழுந்து கையைக் கழுவினார். என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். புடவையைக் கொஞ்சம் தளர்த்தி வயிற்றைக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே நீளமாக, மினுமினுப்பாக, மழைக்கு வெளிவந்த மண்புழு மாதிரி ஒரு தழும்பு.

"தொட்டுப் பாரு."

தொட்டேன். வழவழவென்று இருந்தது.

"பிரான்சுல என்னையும் இப்புடித்தான் கிழிச்சாங்க. உள்ள ஒரு கட்டி இருந்துச்சி. எடுத்துப் போட்டுட்டுத் தெச்சிட்டாங்க. சாப்பாட்டால வந்தது இல்ல, அது பாட்டுக்கு வந்துது. இப்ப நான் எவ்ளோ சாப்புடறேன்னு தெனம் பாக்கறல்ல?"

"எங்க அம்மா செத்துடுவாங்களா?"

இதைத்தான் அத்தனை நாளும் நான் யாரிடமும் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் 'சீ, வாயக் கழுவு' என்றிருப்பார்கள். மதாம்மா என் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது பாப்பா. உங்க அப்பா வரட்டும். கேட்டுடுவோம்" என்றார்.

சாயங்காலம் அப்பா நனைந்துபோய் வந்து நின்றார். மதாம்மா துண்டைக் கொடுத்துவிட்டு, "பாப்பா உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருக்குதுங்க. மழுப்பாம பதில் சொல்லுங்க" என்றார். நான் கேட்டேன். அப்பா அதிர்ந்துபோய் மதாம்மாவைப் பார்த்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்து, ஒரு பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி சொன்னார். ஆபரேஷன் முடிந்துவிட்டது. நடுவில் காய்ச்சல் வந்து பயமாக இருந்தது. இப்போது காய்ச்சல் இல்லை. இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தாள். உன்னைத்தான் கேட்டாள்.

என்னை யாரும் அதற்கு முன் அழ விட்டதில்லை. அன்று அழுதேன். அழுது முடித்து வெங்காய சூப்பு குடித்தேன்.

மார்கழி பிறந்ததும் நடவு முடிந்து அத்தை வந்தாள். வந்த அன்றே யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவள் குரல் தெருமுனைவரை கேட்டது.

"ஏன்டா தம்பி, இந்த ஊர்ல வேற கடையே இல்லியா? மாட்டுக்கறி ஆக்குற வூடு, சாராயம் ஊத்திச் சமைக்கிறாளாம், ஆம்பளைங்க கூடச் சரிக்குச் சரியா உக்காந்து தின்றாளாம். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்குறா, நீ தெனம் அங்கப் போயி உக்காந்திருந்தா ஊரு இன்னா பேசும்?"

"கோழிதாங்க்கா... பாப்பா சாப்புடுதுன்னு..." என்று அப்பா இழுத்தார். அதற்கு மேல் அக்காவிடம் அவருக்கு வாய் வராது.

சாராயம் என்றது அலமாரியில் இருந்த ஒரு காடி பாட்டிலை, அதாவது வினிகரை. சந்தேகப்பட்ட ஒருவருக்குச் சொல்தா ஒரு மூடி ஊற்றிக் குடிக்கக் கொடுத்து, அவர் முகம் போன போக்கைப் பார்த்து மேசையே சிரித்தது எனக்குத் தெரியும். ஆனால் சின்னப் பிள்ளை பேச்சை யார் கேட்டார்கள்?

அங்கே போவது நின்றது. அத்தை சமைத்தாள். நான் சாப்பிட்டேன்; பயம்தான் போய்விட்டதே. "பாத்தியா, நம்ம கைப்பக்குவத்துக்குத்தான் கொழந்த ஏங்கிப்போயிருக்கு" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அவளுடைய ஒரு சொல்தான் என் வாயை அடைத்தது என்று நான் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? அவள் தன் பிழைப்பைப் போட்டுவிட்டு எங்களுக்காக வந்து கிடந்தவள். எல்லாரையும் போல அவளும் வாயில் வந்ததைப் பேசினாள், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்னால் அம்மா வீட்டுக்கு வந்தாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அம்மா சாப்பிடவில்லை. அத்தை குழையக் காய்ச்சிய கஞ்சியை வாயில் வைத்தால் அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அத்தை அந்த மதாம்மா விஷயத்தையும் தன் முறையில் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் அத்தை கடைக்குப் போனபோது அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்த வூட்டுல இன்னா சாப்ட்டீங்க?"

தெளிந்த சாறைச் சொன்னேன், கோணல் பூவைச் சொன்னேன், தொலைந்துபோன ரொட்டியைச் சொன்னேன். தழும்பைச் சொன்னபோது அம்மா தலையைத் தூக்கினாள்.

"எவ்ளோ நீளம்?"

கையால் காட்டினேன்.

"அதோட அவங்க நல்லா சாப்புடறாங்களா?"

"நல்லா சாப்புடுவாங்கம்மா. ரெண்டு தரம் ஊத்திப்பாங்க."

அம்மா புடவைக்கு மேலேயே தன் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அப்பா வேலைக்குப் போகாத நாள். "ஒரு ரிக்ஷா கூட்டிட்டு வாங்க. ஜங்ஷன் ரோட்டுக்குப் போவணும்" என்றாள்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தை, "நல்லாக் கேட்டுட்டு வா, நானும் வரேன்" என்று கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஏறினாள். அப்பா சைக்கிளில் பின்னால் வந்தார். நான் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சண்டைக்குப் போகிறோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நாங்கள் உள்ளே போனபோது மேசையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஸ்பூனோடு திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதாம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எம் பொண்ண சாப்புட வெச்சது நீங்கதானா அக்கா?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. நான் பாட்டுக்கு உக்காந்து சாப்ட்டேன். அது பாத்துச்சி. அவ்ளோதான்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப எனுக்கு முன்னாடியும் கொஞ்சம் உக்காந்து சாப்புடுங்க அக்கா. எனுக்கு பயமா இருக்குது. தையலு பிரிஞ்சிடும்னு பயமா இருக்குது."

ரயில்வே கார்டு முதலில் எழுந்தார். தன் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அம்மா போய் உட்கார்ந்தாள். மதாம்மா பானையைக் கொண்டுவந்து வைத்தார். இடுப்புத் துணியை அவிழ்த்தார். எதிரே உட்கார்ந்தார். இரண்டு தட்டிலும் ஊற்றி, அவசரமே இல்லாமல் தன்னுடையதைக் குடித்தார். அம்மா அவர் தொண்டையைப் பார்த்தாள். நான் பார்த்த மாதிரியே.

அம்மா ஒரு ஸ்பூன் எடுத்தாள். விழுங்கினாள். காத்திருந்தாள். இன்னொன்று எடுத்தாள்.

வாசலில் அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சண்டைக்கு என்று வந்த கை இடுப்பிலேயே இருந்தது. சொல்தா ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்து, லேசாகக் குனிந்து, "அம்மா, உக்காருங்க" என்றார். அத்தைக்கு வாழ்நாளில் யாரும் நாற்காலி இழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள். "இதுல இன்னா போட்டிருக்கு?" என்று கறாராகக் கேட்டாள். மதாம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். "கோழிதானே?" "கோழிதாங்க. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து நான் மாட்டுக்கறி ஆக்குறதில்ல." அத்தை ஒரு துண்டு ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"உப்பு பத்தல" என்றாள். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

திரும்பும்போது ரிக்ஷாவில் அம்மா ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். பக்கத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, நடுரோட்டில் காலை ஊன்றி நின்று சிரித்தார்.

அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்தாவுக்கு மூட்டு வலி முற்றியதால் அடுத்த வருஷம் பாண்டிச்சேரிக்கே போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்குக் கல்யாணமான பிறகு, ஒருவர்பின் ஒருவராக அவர்கள் காலமான செய்தி வந்தது. அம்மா நன்றாக வாழ்ந்து, பேரப்பிள்ளைகள் எடுத்து, சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருத்து, அதற்கு டாக்டரிடம் திட்டு வாங்கினாள். சமைத்தவர் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மேசை என் அம்மாவை எனக்கு இத்தனை வருஷம் வைத்துக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது வேறு.

அந்த மாசி மாதம் அம்மாவுக்கு உடம்பு தேறியதும் முதலில் செய்த காரியம், மதாம்மாவையும் சொல்தாவையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதுதான். அத்தை ஊருக்குப் போகாமல் அதற்காகவே தங்கினாள். "களி நான்தான் கிண்டுவேன், உனுக்குத் தெம்பு பத்தாது" என்றாள். கேழ்வரகுக் களி, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, வறுத்த வேர்க்கடலையில் அரைத்த மல்லாட்டைத் துவையல், முருங்கைக்கீரை.

சொல்தா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மதாம்மா புதுப் புடவை. இரண்டு பேரும் வாசலிலேயே கொஞ்சநேரம் தயங்கி நின்றார்கள், எங்கே செருப்பை விடுவது என்று தெரியாதவர்கள் மாதிரி. பாயில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம், அம்மாவும்தான். மதாம்மா களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, வாயில் வைத்தார். அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"காரமா அக்கா?" என்று அம்மா பதறினாள்.

மதாம்மா தலையை ஆட்டினார். விழுங்கிவிட்டுப் பேசினார்.

"காரம் இல்லம்மா. இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷம் ஆச்சி. எவ்ளோ பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கேன். வூட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்புடுங்கன்னு யாரும் கூப்ட்டதில்ல. நீங்கதான் மொதல்ல."

அப்பா தரையைப் பார்த்தார். மேசை நிறைய மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன வீடு அது. நாங்களும்தான் அத்தனை நாள் போய்ச் சாப்பிட்டோம்.

அத்தைதான் எழுந்தாள். அடுக்களைக்குப் போய்க் களிச் சட்டியோடு வந்தாள். மதாம்மா போதும் என்று கையை நீட்டி மறைத்தார். அத்தை அந்தக் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, ஒரு முழு உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி, குழம்பை ஊற்றினாள்.

"பேசாம சாப்புடுங்க. இன்னும் சட்டி நெறைய இருக்குது" என்று சொல்லிவிட்டு, மதாம்மாவுக்குப் பக்கத்திலேயே தோள் இடிக்க உட்கார்ந்து, தனக்கும் ஒரு உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.